சிக்னலுக்கு மோட்டார் போட்ட வழக்கு

கோயமுத்தூர் காளப்பட்டி ரோட்டில் இருக்கும் எங்கள் கார்மேகம் கார்டன் காலனியில் வைஃபை, தண்ணீர் கமிட்டியின் கீழ் வருகிறது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். கேபிள் வந்த காலத்தில் அதைப் புதைக்கத் தனியாகக் குழி தோண்ட வேண்டாம், தண்ணீர்க் குழாய் போகிற குழியிலேயே போட்டுவிடலாம் என்று முடிவானது. ஒரே குழியில் போகிற இரண்டுக்கு இரண்டு கமிட்டி எதற்கு என்று பொதுக்குழுவில் யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பூங்காக் கமிட்டியும் ஒரு முயற்சி செய்து பார்த்தது. கேபிள் மண்ணுக்குள் இருந்தாலும் வேர் விடாது என்று சொல்லி அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

தண்ணீர் கமிட்டித் தலைவர் பாலுசாமி, கணபதி ஏரியாவில் பம்ப்செட் கம்பெனி நடத்தியவர். இந்த ஜில்லாவில் மண்ணுக்கடியில் இருந்ததையெல்லாம் மேலே கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மேலே கொண்டுவர இனி ஒன்றும் மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் பொதுச் சேவைக்கு வந்தார். அவருடைய கொள்கை எளிமையானது. குழாய் வழியாக வீட்டுக்குள் வருவது எதுவானாலும் அது ஒரு ஜாதித் தண்ணீர். கேஸ் என்பது நனைக்காத தண்ணீர். சிக்னல் என்பது கண்ணுக்குத் தெரியாத தண்ணீர். இது தப்பு என்று சொல்ல எங்களில் பாதிப் பேருக்குத் தைரியமில்லை. மீதிப் பேருக்கு அதில் என்ன தப்பு என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் குழந்தைகள் அம்மா, அப்பா சொன்ன கையோடு மோட்டார் எத்தனை ஹெச்பி என்று சொல்லிவிடும். நாங்கள் என்ன செய்ய முடியும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் மாடிப்படிக்கு அடியில், தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில், ஓர் இரும்புப் பெட்டிக்குள் ரவுட்டரை வைத்துப் பூட்டினார்கள். சாவி வால்வு திறக்கும் ரசாக்கிடம் இருக்கும். பெட்டியின் முன்னால் நின்றால் சிக்னல் பிரமாதமாக வரும். நிற்கத்தான் முடியாது, படி தலையில் இடிக்கும்.

செல்போனிலேயே நெட் வருமே என்பீர்கள். எங்கள் பக்கம் டவர் வைக்க ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கமிட்டி ஆழம் எவ்வளவு என்று கேட்டது. அவர்கள் உயரம் சொன்னார்கள். பேச்சு அத்தோடு முறிந்துபோயிற்று.

எனக்கு எதிர்வீட்டுக்காரர் பாலகோபால். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மில் சத்தத்தில் இருந்தவராதலால் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடும் பழக்கம் உண்டு. அவருடைய மகள் பிந்துவுக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. கணவன் கப்பலில் இருக்கிறான். பிரசவத்துக்கு வந்தவள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு மாடி அறையிலேயே தங்கிவிட்டாள். குழந்தை லாஸ்யா இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

மாடி அறைக்கு சிக்னல் ஏறுவதில்லை. ஏறினாலும் தங்குவதில்லை. மீட்டிங்கில் பேசிக்கொண்டே இருக்கும்போது பிந்துவின் படம் அப்படியே நின்றுவிடும், வாய் பாதி திறந்தபடி. அந்தக் கோலத்தை பெங்களூர், பூனா, லண்டன் என்று எல்லா ஊர்க்காரர்களும் பார்த்துவிட்டார்கள். கடைசியில் அவளுடைய மேனேஜர் நல்ல மனிதர் மாதிரியே ஒரு வார்த்தை சொன்னார். அடுத்து வருவது பெரிய ரிவ்யூ; அதிலும் அறுந்தால் அனுமதி ரத்து, அவள் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும். அப்படிப் போனால் லாஸ்யாவைப் பகலெல்லாம் காப்பகத்தில்தான் விட வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து பாலகோபாலின் மனைவி வரலட்சுமி ஓரிடத்தில் உட்காரவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அவள் பின்னால் குழந்தை நடந்தது. குழந்தை விழாமலிருக்க அதன் பின்னால் பாலகோபால் நடந்தார். அந்த வீட்டு ஊர்வலத்தை என் ஜன்னலிலிருந்து பார்த்தாலே எனக்குக் கால் வலித்தது.

பாலகோபால் கமிட்டி ஆபீசுக்குப் போனார். மோட்டார் ரூமை ஒட்டிய அறை அது. பொழுதுபோகாததால் நானும் கூடப் போனேன். பெட்டியின் கதவை மட்டும் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டுவரச் சொல்லி பிந்து அனுப்பியிருந்தாள்.

பாலுசாமி கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க பாலகோபாலு, படிச்ச புள்ள இப்படிச் சொல்லலாங்களா? பெட்டியத் தொறந்து வெச்சா ஆவியாப் போயிராதுங்களா?"

பாலகோபால் தலையாட்டினார்.

"மேல ஏறலீன்னா என்ன அர்த்தம்? வழியில எங்கியோ ஒழுகுது. அதப் பாத்துப்போட்டாப் போச்சு."

மறுநாளே ஆய்வு வந்தது. தலைவர் முன்னால், செயலாளர் மனோஜ்குமார் பின்னால், ரசாக் ஓர் இரும்புக் கம்பியோடு நடுவில். நிலத்தடிக் குழாயில் ஒழுக்கைக் கண்டுபிடிக்கக் கம்பியை ஊன்றிக் காதை வைப்பார்களே, அந்தக் கம்பி. ரசாக் அதைப் பாலகோபால் வீட்டுச் சுவரெல்லாம் வைத்துக் கேட்டான். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடுவது கேட்டது. மனோஜ்குமார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். கேட்டுக்கு வெளியே சிக்னல் இரண்டு கோடு காட்டியது. கசிவு உறுதியாயிற்று. அன்று மாலைக்குள் வீட்டின் எல்லா ஜன்னல்களையும் நீலத் தார்ப்பாயால் இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு பிந்து மீட்டிங்கில் ஆழ்கடலில் இருந்து பேசுகிறவள் மாதிரி நீலமாகத் தெரிந்தாள். லைன் அறுந்துபோவது மட்டும் நிற்கவில்லை. லண்டன்காரர் ஒருவர், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று தனியாக விசாரித்தாராம்.

கமிட்டி கூடி யோசித்தது. ஒழுக்கை அடைத்தும் வரத்து இல்லை என்றால் ஊற்றுக்கண் வேறு இடத்தில் இருக்கிறது. சத்தியமங்கலத்திலிருந்து நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்தார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டமெல்லாம் நடப்பார். நீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அவர் கை காட்டிய இடத்தில் போர் போட்டுப் பொய்த்ததாகச் சரித்திரம் இல்லை. பொய்த்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டபடியால் சரித்திரம் எழுத ஆள் இல்லை. இது வைஃபை என்று சொன்னபோது அவர் அசரவில்லை. தேங்காய்க்கு எல்லாம் ஒன்றுதான் என்றார்.

கூடத்தில் தேங்காய் படுத்தே கிடந்தது. பூஜையறையிலும் படுத்தே கிடந்தது. மாடியேறினார். குளியலறைக்குள் நுழைந்ததும் தேங்காய் ஒரு குலுங்கு குலுங்கி எழுந்து நின்றது. நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அங்கே சிக்னலும் கொஞ்சம் வந்தது. கீழே இரும்புப் பெட்டிக்கு நேர் மேலே இருந்த அறை அது.

ஒரு வாரம் பிந்து குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தாள். பின்னால் வெள்ளை டைல்ஸும் ஒரு பக்கெட்டும் தெரிந்தன. பாலகோபால் காலையில் துண்டோடு வந்து கதவுக்கு வெளியே நிற்பார். லண்டன் எழுந்து, மீட்டிங் முடிந்து, லண்டன் சாப்பிடப் போன பிறகு குளிப்பார். ஊற்றுக்கண் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கமிட்டி நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டது. வந்தவர் ஊருக்குப் போகும்போது அந்தத் தேங்காயை வரலட்சுமியிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை உடைத்துச் சட்னி அரைத்தாள். அவள் அரைத்த வேகத்தைப் பார்த்து நான் அன்று அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை.

பிந்துவுக்குச் சளி பிடித்து, பேசும் குரல் டைல்ஸில் மோதிக் கோயில் மணி மாதிரி ஒலிக்க, மேனேஜர் மறுபடியும் ரிவ்யூவை ஞாபகப்படுத்தினார். பாலகோபால் மறுபடியும் கமிட்டிக்குப் போனார். இந்தத் தடவை பாலுசாமிக்கே மனசு கேட்கவில்லை. கட்டைவிரலால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தவர், தப்பு தன்னுடையதுதான் என்றார். தண்ணீரை என்றைக்காவது மாடிப்படிக்கு அடியில் வைத்து மாடிக்கு ஏற்றியிருக்கிறோமா? முதலில் மேலே ஏற்றிவிட்டால் தானாகக் கீழே இறங்காதா?

ரவுட்டர் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்குப் போயிற்று. இரும்புப் பெட்டியோடுதான், மழைக்குப் பாதுகாப்பு. அன்றிலிருந்து காலனியில் உள்ள காக்கைகளுக்கெல்லாம் நல்ல சிக்னல் கிடைத்தது. வீட்டுக்குள் குளியலறையில் இருந்ததும் போயிற்று. இறங்க நேரம் ஆகும், குழாயில் காற்று அடைத்திருக்கும் என்றார் தலைவர். காற்றை வெளியேற்ற ரசாக்கை அனுப்பினார். ரசாக் தொட்டி மேலே ஏறி, எதைத் திறப்பது என்று தெரியாமல், தண்ணீரைத் திறந்துவிட்டு இறங்கினான். பிந்து மொட்டை மாடியில் குடையைக் கட்டி, அதன் கீழே மடிக்கணினியை வைத்து, வெயில் நகர நகரத் தானும் நகர்ந்தாள். காலையில் கிழக்கே உட்கார்ந்தவளை மதியம் மேற்கே பார்க்கலாம். என் வீட்டில் அப்போது கடிகாரம் ரிப்பேர். அவளைப் பார்த்துத்தான் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

பெண்ணுக்குப் பொறுமை போயிற்று. ஒரு நாள் கூரியரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. இருக்கிற சிக்னலை வாங்கித் தூர அறைக்குத் தாண்டிவிடும் சாதனமாம். மொட்டை மாடிக்கு ஏறும் படித் திருப்பத்தில் பிளக்கில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. மாடி அறையில் சிக்னல் நிறைந்து நின்றது. பிந்து தார்ப்பாயை அவிழ்த்தாள். ஜன்னல் வழியாக அவள் லண்டனோடு சிரித்துப் பேசியதை நான் கேட்டேன். வரலட்சுமி உட்கார்ந்தாள். லாஸ்யா அவள் மடியில் ஏறித் தூங்கிற்று. அந்த வீட்டில் இரண்டு நாள் யாரும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் தெருக்கோடி வீட்டில் சாஜிதா பேகம் பார்த்துக்கொண்டிருந்த சமையல் வீடியோ, பிரியாணிக்குத் தம் போடும் இடத்தில் நின்றுவிட்டது. அவர் புகார் ஒன்றும் செய்யவில்லை. வரத்து குறைஞ்சிருக்கு போல என்று ரசாக்கிடம் சும்மா சொன்னார். ரசாக் மனோஜ்குமாரிடம் சொன்னான். மனோஜ்குமார் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்து, பாலகோபால் வீட்டு மாடிப்படியில் பச்சை விளக்கைக் கண்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கோயமுத்தூரில் ஒருவனைக் கொலைகாரன் என்று சொன்னால் விசாரித்துப் பார்க்கலாம் என்பார்கள். மெயின் குழாயில் மோட்டார் மாட்டித் தண்ணீரை உறிஞ்சுகிறவன் என்று சொல்லிவிட்டால் விசாரணையே கிடையாது. தெருவே வறண்டு கிடக்க ஒரு வீட்டுத் தொட்டி மட்டும் நிரம்புவது என்றால் எங்களுக்கு அடிவயிறு எரியும். கமிட்டி அந்தச் சின்னப் பெட்டியை உடனே அடையாளம் கண்டுகொண்டது. மோட்டார். பொது லைனில் வருவதை இழுத்துத் தன் மாடிக்கு ஏற்றும் மோட்டார். அன்றே பறிமுதல் செய்து ஆபீசுக்கு எடுத்துப்போனார்கள். வெள்ளிக்கிழமை மாலை பொதுக்குழு முன் விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. பிந்துவின் ரிவ்யூவும் அதே வெள்ளிக்கிழமை மாலைதான்.

நேரத்தை மாற்றச் சொல்லி பாலகோபால் கேட்டார். அன்று அமாவாசை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், கூட்டத்துக்கு வேண்டிய கோரம் சேரும் என்றார்கள். பெட்டியையாவது அன்று ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்றார். குற்றம் நடந்ததா இல்லையா என்று முடிவாகும் முன் குற்றத்தை எப்படித் திரும்பச் செய்ய அனுமதிப்பது என்று மனோஜ்குமார் வருத்தப்பட்டார்.

விசாரணைக்குப் பாலகோபால் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். ஆபீசில் இடமில்லாமல் மோட்டார் ரூம் வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். பாலுசாமி எழுந்து பேசினார்.

"இந்த ஊர்ல நானு முன்னூறு அடியில தண்ணி பாத்தவனுங்க. அப்பறம் அறுநூறு அடி. அப்பறம் ஆயிரம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் எண்ணூறு போட்டா நம்மாளு ஆயிரம் கேப்பானுங்க, நானும் மோட்டார் குடுத்துப்போட்டேன். ஊரே உறிஞ்சுச்சு. அந்த அனுபவத்துல சொல்றனுங்க, உறிஞ்சறது பெருந்தப்பு."

கை தட்டினார்கள். பாலகோபாலும் தட்டினார்.

குற்றம் நிரூபணம் ஆனால் சிக்னலை முறை வைத்து விடலாம் என்று மனோஜ்குமார் முன்மொழிந்தார்: ஒற்றைப்படை வீடுகளுக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள். வேண்டியவர்கள் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். எதில் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோர் வீட்டிலும் டிரம் இருந்தது.

அப்போது வாசலில் கூட்டம் விலகியது. பிந்து வந்தாள். திறந்த மடிக்கணினியை ஒரு தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், திரையை மட்டும் பார்த்து நடந்து வந்தாள். ரிவ்யூ தொடங்கியிருந்தது. வீடு முழுக்க அலைந்து, மொட்டை மாடிக்குப் போய், மழை மிரட்டியதால் இறங்கித் தெருவுக்கு வந்திருக்கிறாள். தெருவில் நடக்க நடக்கத் திரையில் கோடுகள் ஏறின. ஏறுகிற பக்கமே வந்து சேர்ந்த இடம் இது. கமிட்டி மேஜையில் மடிக்கணினியை வைத்து, அப்பாவை எழுப்பிவிட்டு, குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் படம் அசைந்தது. குரல் அறுந்து விழாமல் போயிற்று.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். தலைவருக்குப் பின்னால் அலமாரியில் ஐந்தாறு பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. பாலகோபால் வீட்டுப் பெட்டி கடைசியில் இருந்தது. அதற்கு முன் காலனியில் யார் யாரிடமோ சத்தமில்லாமல் பறிமுதல் ஆனவை மற்றவை.

"சாட்சிப் பொருளுங்க" என்றார் மனோஜ்குமார், கேட்காமலே, கிசுகிசுப்பாக. "ஓடும்னு நிரூபிக்கோணுமில்லீங்களா. அதான் ஓட்டியே வெச்சிருக்கோம்."

ஆபீசில் தலைவர் பெரிய டிவியில் மத்தியானமெல்லாம் சீரியல் பார்ப்பது பிரஷர் டெஸ்டுக்காக என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

பிந்து ஆங்கிலத்தில் கணக்கு வழக்கெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். நாங்கள் கை கட்டி நின்றோம். நடுவில் மேனேஜர் ஏதோ கேட்டார். பின்னால் இத்தனை பெரியவர்கள் கை கட்டி நிற்கிறார்களே, யார் என்று கேட்டிருக்கிறார். பிந்து திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். என் வீட்டு இன்டர்நெட்டைப் பார்த்துக்கொள்ளும் குழு என்றாள். பொய் என்று சொல்ல முடியாது. மேனேஜர் அசந்துபோய், மூத்தவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். பாலுசாமி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தார்.

"சார், புல் பிரஷர் சார். நோ ஏர்லாக். நாங்க இருக்கற வரைக்கும் எங்க அம்மணிக்கு ஒரு சொட்டு குறையாது சார். இது பாலுசாமி வாக்கு."

தலைமை அலுவலகத்தில்கூட எங்களுக்கு இப்படி ஒரு டீம் கிடையாது என்று மேனேஜர் உருகிவிட்டார். அனுமதி நீடிக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். பிந்து மடிக்கணினியை மூடிவிட்டு, மேஜையிலேயே தலையைச் சாய்த்தாள். பாலகோபால் அவள் முதுகில் கை வைத்து நின்றார்.

இப்போது கமிட்டிக்குத்தான் சங்கடம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் மோட்டாரை அனுமதித்ததாகும். கொடுக்காவிட்டால் தலைவர் பெங்களூருக்குக் கொடுத்த வாக்கு போகும். எங்கள் பக்கம் சட்டத்தைச் சமாளிக்கலாம், வாக்கைச் சமாளிக்க முடியாது. அந்தப் பொண்ணு தினமும் இங்கேயே வந்து வேலை பார்க்கட்டும் என்று ஒருவர் சொன்னார். அனுமதி வீட்டிலிருந்து வேலை பார்க்கத்தானே, இது வீடு இல்லையே என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

பாலுசாமி கட்டைவிரலால் நெற்றியைத் தேய்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"சிக்னல ஊட்டுக்குக் கொண்டுபோறது கஷ்டமுங்க, பாத்துப்போட்டோம். ஊட்ட சிக்னலுக்குக் கொண்டாறதுல நமக்கு என்னுங்க கஷ்டம்?"

தண்ணீர் கமிட்டி ஆபீஸ் அறை இன்று முதல் பாலகோபால் வீட்டின் ஒரு பகுதி என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வீட்டின் எல்லா அறைகளிலும் சிக்னல் சீராக்கப்பட்டுவிட்டதாக இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. பாலகோபால் தலையாட்டினார்.

மறுநாள் விடிந்ததும் வரலட்சுமி மோட்டார் ரூம் வாசலைத் தெளித்து, பெரிதாக ஒரு கோலம் போட்டாள். பாலகோபால் தூளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்; டிவிக்கும் பச்சை விளக்குகளுக்கும் நடுவில் இருந்த கொக்கியில் கட்டினார். தலைவரின் சுழல் நாற்காலியில் பிந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். கமிட்டி மேஜையின் மறுபாதியில் இட்லிப் பாத்திரம் இருந்தது. நான் போனபோது எனக்கும் இரண்டு கிடைத்தது.

பத்து மணிக்கு பாலுசாமி வந்தார். கோலத்தைப் பார்த்து நின்றார். மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க, உள்ள வரலாங்களா? கமிட்டி சித்த நேரம் கூடோணும்."

வரலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். வாசலை விட்டு விலகவில்லை.

"பாப்பா இப்பத்தானுங்க கண்ணசந்துச்சு. வாரதுன்னா முன்கூட்டிச் சொல்லிப்போட்டு சாயங்காலமா வாங்க."

தலைவர் தலையாட்டினார். சத்தமில்லாமல் போகும்படி பாலகோபால் உள்ளே இருந்தபடியே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதை நான் காதால் கேட்கவில்லை. ஆனால் பாலுசாமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட் வரை வெறுங்காலோடு போனதைக் கண்ணால் பார்த்தேன்.